பழைய ரஷ்ய வெள்ளி நாணயம் அசலா, போலியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ரஷ்ய ரூபிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எடையை. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு இன்று எளிதாகக் கிடைக்கிறது; அது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஆனால் ரூபிளின் எடை எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை என்பதால், நாணயத்தில் உள்ள ஆண்டைப் படித்துவிட்டு, அந்த ஆண்டுக்குரிய எடையோடுதான் ஒப்பிட வேண்டும்.

முதலாம் பீட்டர் 1704 முதல் தொடர்ந்து அச்சிட்ட ரூபிள்கள் ஏறத்தாழ 28 கிராம் எடையுள்ளவை. அக்காலக் கருவிகளால் எடையை நுணுக்கமாகக் கட்டுப்படுத்த முடியாததால் அவற்றில் ஏற்ற இறக்கம் உண்டு. 1731-க்குப் பிறகு, அன்னா, எலிசவெத்தா ஆகிய பேரரசிகளின் காலத்தில், எடை 25.85 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 802 பங்கு. இரண்டாம் கத்தரீனாவின் ரூபிள் 24 கிராம், 750 பங்கு. பாவெல் 1797-இல் 29 கிராமுக்கு மேற்பட்ட கனமான ரூபிளை வெளியிட்டு, மறு ஆண்டே அதை 20.73 கிராமுக்கு இறக்கினார்; 868 பங்கு வெள்ளி கொண்ட அந்த அளவு 1885 வரை நீடித்தது. 1886 முதல் 1915 வரை ரூபிள் 20 கிராம், 900 பங்கு வெள்ளி. அரை ரூபிள் 10 கிராம், 25 கோபெக் (ரூபிளின் நூறில் ஒரு பங்கு கோபெக்) 5 கிராம். 20, 15, 10 கோபெக் சில்லறைகள் அக்காலத்தில் 500 பங்கு வெள்ளியே கொண்டவை. அவற்றின் எடை முறையே 3.6, 2.7, 1.8 கிராம். சில்லறையில் வெள்ளி குறைவாக இருப்பதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு; அது தவறு.

புழக்கத்தில் தேய்ந்த 20 கிராம் ரூபிள் சில பத்தில் ஒரு கிராம் குறைந்திருக்கலாம். தேய்மானம் அதிகம் இல்லாத ஒன்று 19.5 கிராமுக்குக் கீழே நின்றால் நான் வாங்க மாட்டேன். 20.2 கிராமுக்கு மேல் போனாலும் வாங்க மாட்டேன். குறைவான எடையைச் சந்தேகிக்கிற பலரும் கூடுதல் எடையைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். தேய்ந்த நாணயம் எடை கூடியதாக எங்கும் கேள்விப்பட்டதில்லை.

எடை சரியாக இருக்கிறது, வெள்ளியும் உண்மையான வெள்ளி. அப்படியானால் நாணயம் அசல்தானே?

இல்லை. பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெள்ளி உண்மையாகவும் நாணயம் பொய்யாகவும் இருக்க முடியும். சாதாரண ரூபிளுக்கும் அரிதான ஆண்டின் ரூபிளுக்கும் உள்ள விலை வேறுபாடு உலோகத்தின் விலையைப்போலப் பல மடங்கு என்பதால், போலி செய்கிறவர் 20 கிராம் நல்ல வெள்ளியைச் செலவழிக்கச் சற்றும் தயங்குவதில்லை. நான் வாங்கிய முதல் ரஷ்ய ரூபிளை நகைக்கடைக்கு எடுத்துச் சென்று, தங்கத்தின் மாற்றைக் காட்டும் எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்துப் பார்த்தேன். வெள்ளி 90 விழுக்காடு என்று வந்தது. அந்த மகிழ்ச்சி, ஓரத்தில் இருந்த எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும் வரைதான் நீடித்தது.

எடை, அடர்த்தி, உலோகச் சோதனை ஆகியவை போலியை விலக்க உதவுமே ஒழிய, அசலை நிறுவ உதவா. ஒரு சோதனையில் தோற்றால் கதை முடிந்தது. தேறினால் அடுத்த சோதனைக்குச் செல்லும் தகுதி மட்டுமே கிடைக்கிறது. அசல் என்று ஏற்பதற்கு, அதே ஆண்டு, அதே அச்சுச்சாலையின் ஐயமற்ற நாணயத்தோடு எழுத்துக்கு எழுத்து, கழுகுச் சின்னத்தின் இறகுக்கு இறகு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடர்த்தியை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். தராசின் மேல் ஒரு கிண்ணம் நீரை வைத்துச் சுழியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாதபடி நீருக்குள் முழுவதுமாகத் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்தான் நாணயம் வெளியேற்றிய நீரின் எடை. நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

900 பங்கு வெள்ளிக்கு அடர்த்தி ஏறத்தாழ 10.3. ஆகவே 20 கிராம் ரூபிளுக்குத் தராசு 1.94 கிராம் என்று காட்ட வேண்டும். வெள்ளி முலாம் பூசிய செம்பு-நிக்கல் கலவையாக இருந்தால் 2.25 கிராம் அருகே நிற்கும். கத்தரீனா காலத்து 750 பங்கு வெள்ளிக்கு 10.06 அளவும், 500 பங்குச் சில்லறைக்கு 9.7 அளவும் வரவேண்டும். நாணயத்தில் ஒட்டிய காற்றுக்குமிழிகள் கணக்கைக் கெடுக்கும். நீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டால் அவை நீங்கும். சிறிய கோபெக்குகளுக்கு இந்த முறையை நம்ப வேண்டாம், ஏனெனில் அளக்கும் பிழையே விடையை விழுங்கிவிடும்.

ஈயமும் வெள்ளீயமும் தக்க விகிதத்தில் கலந்தால் அடர்த்தியை வெள்ளிக்கு அருகே கொண்டுவந்துவிட முடியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அத்தகைய போலி மென்மையாக இருக்கும், தொட்டால் வழுவழுப்பாகத் தோன்றும், சுண்டினால் ஊமையாக ஒலிக்கும்.

காந்தம், சுண்டிப் பார்ப்பது, உரைகல் ஆகியவை பயன்படுமா?

காந்தத்தில் ஒட்டினால் அது போலி. ஒட்டாவிட்டால் எதுவும் தெரியவில்லை என்று பொருள், ஏனெனில் செம்பும் பித்தளையும்கூட ஒட்டுவதில்லை. சுண்டிப் பார்ப்பதற்குப் பழகிய காது வேண்டும்; மேலும் உள்ளே கீறல் விட்ட அசல் நாணயமும் மந்தமாகத்தான் ஒலிக்கும். உரைகல்லையும் அமிலத்தையும் நாணயத்தின் பக்கம் கொண்டுவரவே கூடாது. நகைக்கு அது பொருத்தம். நாணயத்திலோ ஓர் உரசல் விழுந்தாலே மதிப்பில் பாதி போய்விடும்.

ஓரத்தைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே அப்படி என்ன இருக்கிறது?

நாணயத்தின் முகப்பையும் பின்புறத்தையும் படம் பிடித்து அச்சு வெட்டுவது இன்று கடினமில்லை. ஓரம் அப்படியல்ல, அது வளைந்த பரப்பு, அதில் எழுத்து இருந்தால் அதற்கெனத் தனிக் கருவி வேண்டும். போலி செய்கிறவர் சோம்பல்படும் இடம் அதுவே.

இரண்டாம் நிக்கலாயின் ரூபிளை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் சந்தையில் அதிகம் கிடைப்பதும் அதிகம் போலி செய்யப்படுவதும் அதுதான். அதன் ஓரத்தில் ‘தூய வெள்ளி 4 ஸொலோத்னிக் 21 தோல்யா’ என்ற பொருள்பட ரஷ்ய மொழியில் குழிந்த எழுத்துகள் ஓடும். ஸொலோத்னிக் என்பது ஏறத்தாழ 4.27 கிராம், அதன் 96-இல் ஒரு பங்கு தோல்யா. கூட்டிப் பார்த்தால் 18 கிராம் வருகிறது, அதாவது 20 கிராமில் 900 பங்கு. நாணயம் தன் ஓரத்திலேயே தன் கணக்கை எழுதி வைத்திருக்கிறது.

அதைத் தொடர்ந்து அடைப்புக்குள் இரண்டு எழுத்துகள் இருக்கும். அவை அச்சுச்சாலையில் அப்போது பொறுப்பிலிருந்த அதிகாரியின் பெயர் முதலெழுத்துகள். 1883 முதல் 1899 வரை அபல்லோன் கிராஸ்ஹோஃப். 1899 முதல் 1901 வரை ஃபேலிக்ஸ் ஸாலெமன். 1901 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரெத்கோ. 1899-இலும் பின்னர் 1906 முதல் 1913 வரையிலும் எலிகும் பாபாயன்ஸ். 1913 முதல் 1917 வரை விக்தர் ஸ்மிர்னோவ். நாணயத்தில் ஆண்டு 1910 என்றிருக்க, ஓரத்தில் கிராஸ்ஹோஃபின் எழுத்துகள் இருந்தால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லை. எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே ஓர வளையத்தைப் பயன்படுத்தும் மலிவான போலிகள் இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடுகின்றன.

முதலெழுத்துகளுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இருந்தால் பதற வேண்டாம். 1890-களின் பிற்பாதியில், தங்க அடிப்படைக்கு மாறிய பணச் சீர்திருத்தத்தின்போது, உள்நாட்டு அச்சுச்சாலைக்குத் தாங்க முடியாத அளவு வேலை குவிந்ததால், ரஷ்ய வெள்ளி நாணயங்களில் ஒரு பகுதி வெளிநாட்டில் அச்சிடப்பட்டது. ஒற்றை நட்சத்திரம் பாரிசைக் குறிக்கும், இரட்டை நட்சத்திரம் பிரஸ்ஸல்சை. அதேபோல 1916-இல் 10, 15 கோபெக் நாணயங்கள் ஜப்பானின் ஒசாகாவில் அச்சாகின; கழுகின் அடியில் வழக்கமான எழுத்துகள் இல்லாமலேயே அவை வந்தன. இந்த வரலாறு தெரியாமல் அசலைப் போலி என்று விற்றுத் தீர்த்தவர்களும் உண்டு.

இனி எழுத்தின் தரம். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்க்கும்போது எழுத்தின் சுவர் செங்குத்தாகவும் அடி சமதளமாகவும் இருக்க வேண்டும். எழுத்துகள் ஒன்றுக்கொன்று மேலும் கீழும் நடனமாடினாலோ, இடைவெளி சீரற்றிருந்தாலோ, கால்கள் சொதசொதவென்று உருண்டிருந்தாலோ ஐயம் கொள்ளுங்கள். ஓரத்தைச் சுற்றி மயிரிழைபோல ஒரு கோடு ஓடினால், அது இரண்டு பாதிகளை ஒட்டியதாகவோ வார்ப்பு அச்சின் இணைப்பாகவோ இருக்கும். அரத்தால் தேய்த்து அதை மறைத்த தடமும் அதே அளவு குற்றச்சாட்டுதான்.

ரஷ்ய மொழி தெரியாதவர் எழுத்துகளை எப்படிச் சோதிப்பது?

மொழி தெரிய வேண்டியதில்லை, வடிவம் தெரிந்தால் போதும். 1918-இல் ரஷ்ய எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய நாணயங்களில் மெய்யெழுத்தில் முடியும் சொற்களின் இறுதியில் ‘வன்குறி’ என்னும் எழுத்து நிற்கும். கோபெக் என்ற சொல்லில் ‘யாத்’ என்னும், பின்னர் கைவிடப்பட்ட எழுத்து இருக்கும். ஓரத்தில் ‘தூய’ என்பதற்கான சொல் ஜார் காலத்தில் இறுதிக்கு முன் ‘அ’ என்ற உயிரோடும், சோவியத் காலத்தில் ‘ஒ’ என்ற உயிரோடும் எழுதப்பட்டது. ஜார் நாணயத்தில் புதிய எழுத்துக்கூட்டல் இருந்தால், செய்தவர் இன்றைய ரஷ்ய விசைப்பலகையில் தட்டியிருக்கிறார் என்று பொருள்.

முதலாம் பீட்டரின் தொடக்கக் கால ரூபிள்களில் ஆண்டு எண்ணால் அல்லாமல் ஸ்லாவிய எழுத்துகளால் குறிக்கப்பட்டது; 1720-களின் தொடக்கத்தில்தான் ரூபிளில் எண்கள் வந்தன. 1705 என்று நாம் படிக்கக்கூடிய எண்களில் எழுதிய பீட்டர் ரூபிள் கிடைத்தால் அதைச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஜாரின் உருவம் இருப்பது அசலுக்கு அடையாளமா?

சில ஆட்சிகளில் அது போலிக்கே அடையாளம். பாவெல் தன் உருவத்தை ரூபிளில் பொறிக்கவில்லை; ‘எங்களுக்கன்று, எங்களுக்கன்று, உம் பெயருக்கே’ என்ற வேத வாசகத்தைப் பொறித்தார். அவருக்குப் பின் முதலாம் அலெக்சாந்தர், முதலாம் நிக்கலாய், இரண்டாம் அலெக்சாந்தர் ஆகியோரின் வழக்கமான ரூபிள்களில் இரட்டைத்தலைக் கழுகுதான் உண்டு. மூன்றாம் அலெக்சாந்தர் 1886-இல்தான் புழக்க ரூபிளில் உருவத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். இடையில் உருவத்தோடு வந்தவை நினைவு நாணயங்களும் மாதிரி அச்சுகளும் மட்டுமே. அவை அரியவை, வீதியில் கிடைக்கிற சரக்கல்ல. ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்படும் கற்பனை நாணயங்களில் இந்த மன்னர்கள் எல்லோரும் கம்பீரமாக வீற்றிருப்பார்கள்.

இரண்டாம் கத்தரீனா விஷயத்தில் உருவத்தின் வயதையே சோதிக்கலாம். அவர் 1762 முதல் 1796 வரை ஆண்டார். முதல் சில ஆண்டுகளின் ரூபிளில் கழுத்தில் துணி சுற்றிய இளம் உருவமும், 1770-களின் பிற்பாதிக்குப் பின் முகம் தடித்த முதிய உருவமும் இருக்கும். முதிய அரசியும் 1763 என்ற ஆண்டும் ஒரே நாணயத்தில் சந்திக்க வழியில்லை. மாஸ்கோ அச்சுச்சாலையின் குறி கத்தரீனா ரூபிள்களில் 1775-உடன் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மட்டுமே. அதேபோல இரண்டாம் நிக்கலாயின் ரூபிள் 1915-உடன் முடிகிறது. 1917 என்று எழுதிய ரூபிளை யாரேனும் ‘மிக அரிது’ என்று சொல்லி நீட்டினால், அவர் சொல்வது ஒரு வகையில் உண்மைதான். அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

வார்ப்புக்கும் அச்சடிக்கும் உள்ள வேறுபாட்டை எப்படிக் காண்பது?

அச்சடித்த நாணயத்தில் உலோகம் அழுத்தத்தால் அச்சின் மூலைமுடுக்குக்குள் பாய்ந்திருக்கும். அதனால் எழுத்தும் தளமும் சந்திக்கும் இடம் கத்திமுனைபோல் தெளிவாக இருக்கும், புதிய நாணயத்தைச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரத்தின் ஆரங்களைப்போலச் சுழலும். வார்ப்பில் உருகிய உலோகம் குளிர்ந்து சுருங்குவதால் விளிம்புகள் மழுங்கும், தளத்தில் ஊசிமுனைக் குழிகளும் சிறு கொப்புளங்களும் தென்படும், விட்டமும் ஒரு மயிரிழை குறையும்.

தேர்ந்த போலிகளோ வார்க்கப்படுவதில்லை. அசல் நாணயம் ஒன்றிலிருந்து அச்சு எடுத்து, வெள்ளித் தட்டில் அழுத்தி அடிக்கிறார்கள். இங்கே இரண்டு தடயங்கள் உதவும். முதலாவது, அச்சுக்கு மூலமான நாணயத்தில் இருந்த காயங்கள் எல்லாப் போலிகளிலும் அதே இடத்தில் பிறக்கும். இரண்டு வெவ்வேறு விற்பனையாளரின் நாணயங்களில் கன்னத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் போலி. இரண்டாவது தடயத்தை நான் எல்லாவற்றிலும் மேலாக நம்புகிறேன்: தேய்ந்த விவரமும் தேயாத பளபளப்பும் ஒன்றாக இருப்பது. மூல நாணயம் தேய்ந்திருந்தால் அதன் பிள்ளைகளில் காதும் முடியும் கழுகின் மார்புக் கேடயமும் மழுங்கிப் பிறக்கும். ஆனால் மழுங்கிய அந்த மேடுகளின்மீதே அச்சுச்சாலைப் பளபளப்பு மின்னும். மெய்யான தேய்மானம் மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்கும், போகிற வழியில் பளபளப்பையும் எடுத்துச் சென்றுவிடும்.

நாணயம் அசல்தான், ஆனால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். அது எப்படி?

முழுப் போலியைவிட இதைக் கண்டுபிடிப்பது கடினம். மலிவான ஆண்டின் ஓர் எண்ணைச் செதுக்கியோ, சிறிது வெள்ளியை ஒட்டியோ, அரிய ஆண்டாக மாற்றுகிறார்கள். 1896 முதல் 1899 வரையிலான நிக்கலாய் ரூபிள்கள் ஏராளம். 1902-க்குப் பிந்தைய ஆண்டுகள் குறைவு. எனவே அரிய ஆண்டு என்றால், ஆண்டின் கடைசி இரு எண்களைச் சுற்றியுள்ள தளத்தைச் சாய்வான ஒளியில் பாருங்கள். சுரண்டிய இடம் மற்றத் தளத்தோடு நிறத்தில் ஒட்டாது. எண் மாறினாலும் ஓரத்திலுள்ள முதலெழுத்துகளை மாற்றுவது எளிதல்ல என்பதால், மேலே சொன்ன அதிகாரிகளின் பட்டியல் இங்கும் கைகொடுக்கும்.

ரஷ்யாவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் வெள்ளி நாணயங்களைக் கோத்து மாலையாகவும் உடை அணியாகவும் பெண்கள் அணிந்தனர். அதனால் துளையிட்டு அடைத்தவையும், வளையம் பற்றவைத்துப் பின்னர் அகற்றியவையும் நிறையக் கிடைக்கின்றன. வளையம் இருந்த இடம் பெரும்பாலும் உருவத்தின் தலைக்கு மேலே, ஓரத்தில்தான். அங்கே ஓர எழுத்து மழுங்கி, பற்றுவெள்ளி சற்று மஞ்சளித்துத் தெரியும். அத்தகைய நாணயத்தைப் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் குறையைச் சொல்லாமல் முழு விலைக்கு விற்பது மோசடிதான்.

‘நோவொதெல்’ என்றால் என்ன? அது போலியா?

ரஷ்ய நாணயங்களுக்கே உரிய சிக்கல் இது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில், செல்வாக்குள்ள சேகரிப்பாளர்கள் கேட்டால் அரசு அச்சுச்சாலையே பழைய நாணயங்களை மறுபடி அடித்துக் கொடுத்தது. சில நேரம் பழைய அச்சுகளால், சில நேரம் புதிதாக வெட்டிய அச்சுகளால். அப்படிப் பிறந்தவையே நோவொதெல்கள். நாணயங்களை ஆய்ந்து பெருந்தொகுப்பு சேர்த்த கோமகன் கியோர்கி மிகைலோவிச்சின் முயற்சியால் 1890-இல் இந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. வெள்ளியும் அச்சுச்சாலையும் அரசுடையவை, காலம் மட்டும் பொய். ஆகவே அவற்றைத் தனி வகையாகக் கொள்கிறார்கள். சில நோவொதெல்கள் மூலத்துக்கு நிகரான விலை பெறுகின்றன. எடை அக்காலத்துக்குப் பொருந்தாமை, அந்நாளைய கைவேலைக்கு ஒவ்வாத நேர்த்தி, மூலத்திலிருந்து மாறுபட்ட ஓரம் ஆகியவை அவற்றின் அடையாளங்கள்.

1914-இன் கங்குத் ரூபிளும் இதற்கு அருகில் நிற்கிறது. 1714-இல் ஸ்வீடன் கடற்படையை வென்றதன் இருநூறாம் ஆண்டு நினைவாக அது அடிக்கப்பட்டது. போர் மூண்டதால் மிகுதியும் உருக்கப்பட்டுவிட்டது. 1927-இல் சோவியத் அரசின் காலத்தில் சேகரிப்பாளருக்காக அதே வடிவில் மறுபடி சிறு எண்ணிக்கையில் அடித்தார்கள். இவ்விரண்டையும் பிரித்தறிவது வல்லுநர் வேலை. சந்தையில் வருவதில் பெரும்பகுதி இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வகை, அதாவது வெறும் போலி.

கன்ஸ்தந்தீன் ரூபிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அசலாக இருக்குமா?

இராது. முதலாம் அலெக்சாந்தர் 1825-இல் இறந்தபோது தம்பி கன்ஸ்தந்தீன் முடிசூடுவார் என்று நினைத்துச் சில மாதிரி ரூபிள்களை அடித்தார்கள். அவரோ அரியணையை முன்பே துறந்திருந்தார். ஓர எழுத்துள்ளவை ஐந்தும், ஓரம் வெறுமையானவை மூன்றும் அறியப்பட்டுள்ளன. எட்டில் ஒன்று தாத்தாவின் பெட்டியில் கிடைப்பதற்கான வாய்ப்பை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

1913-இன் ரொமானோவ் ரூபிளில் உருவம் தட்டையாக இருக்கிறது. அது போலியின் குறியா?

அவசியமில்லை. ரொமானோவ் வம்சத்தின் முந்நூறாம் ஆண்டுக்காக அடிக்கப்பட்ட இந்த நாணயத்தில் நிக்கலாயும், அவருக்குப் பின்னால் வம்சத்தின் முதல் ஜார் மிகைல் ஃபியோதொரோவிச்சும் இருக்கிறார்கள். தட்டையான அச்சும் புடைப்பான அச்சுமாக இரண்டு வகைகள் அச்சுச்சாலையிலிருந்தே வந்தன. தட்டை வகையிலும் விளிம்பை ஒட்டிய புள்ளி வரிசை மணிமணியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். ஓரத்தில் ஸ்மிர்னோவின் எழுத்துகள் வரும். போலிகளில் புள்ளிகள் கோடாகக் கரைந்து, மிகைலின் தொப்பியும் ஆடை அணிகளும் குழம்பிப்போகின்றன. பதினைந்து லட்சம் அளவில் அடிக்கப்பட்ட நாணயம் இது. நல்லது கிடைக்கும் வரை பொறுத்திருக்கலாம்.

பீட்டருக்கு முந்தைய வெள்ளியை எப்படிச் சோதிப்பது?

1535-இன் சீர்திருத்தம் தொடங்கிப் பீட்டர் காலம் வரை கோபெக் என்பது வெள்ளிக் கம்பியைத் துண்டாக்கித் தட்டி அடித்த, மீன் செதிள் போன்ற சிறு துண்டு. நான்காம் இவான் காலத்தில் அது 0.68 கிராம், எடை இறங்கி இறங்கிப் பீட்டர் காலத்தில் 0.28 கிராம் ஆயிற்று. அச்சு துண்டைவிடப் பெரிது. எனவே எழுத்து பாதி வெளியே போயிருப்பதே இயல்பு. முழு எழுத்தும் அழகாக அமைந்த செதிள்தான் ஐயத்துக்குரியது. கம்பியை வெட்டிய இரு முனைகளும் எதிரெதிரே தெரிய வேண்டும். அது இல்லாமல் சுற்றிலும் மழுங்கிய வட்டமாக இருந்தால் வார்ப்பு. அலெக்சேய் மிகைலோவிச் 1655 முதல் அதே வடிவில் செம்புக் கோபெக்குகளையும் அடித்து, அதன் விளைவாக 1662-இல் மாஸ்கோவில் செம்புக் கலகம் வெடித்தது. வெள்ளை பூசிய செம்பு வெள்ளியாக விற்கப்படக்கூடும் என்பதால் கீறலுக்குள் நிறம் பாருங்கள்.

அதே 1655-இல் தாலர் என்னும் மேற்கு ஐரோப்பியப் பெரிய வெள்ளி நாணயங்களின்மீது குதிரைவீரன் முத்திரையையும் 1655 என்ற செவ்வக முத்திரையையும் குத்தி, 64 கோபெக் மதிப்பில் புழக்கத்தில் விட்டார்கள். யெஃபீமொக் என்பது அதன் பெயர். தாலர் உண்மையாகவும் முத்திரை பொய்யாகவும் இருப்பதுதான் இங்கே வழக்கமான ஏமாற்று. தாலரின் சொந்த ஆண்டைப் படியுங்கள். அது 1655-ஐத் தாண்டினால் பேச்சு முடிந்தது. முத்திரை குத்திய இடத்துக்கு நேர் பின்னால் உலோகம் சற்றுத் தட்டையாகியிருக்க வேண்டும். முத்திரையின் பள்ளத்திலும் தாலரின் தளத்திலும் காலப்போக்கில் படிந்த நிறம் ஒன்றாக இருக்க வேண்டும்.

கறுத்துப்போன நாணயம் பழையதுதானே? துலக்கிப் பார்க்கலாமா?

கந்தகக் கலவையில் சில நிமிடம் வைத்தால் நேற்றைய வெள்ளியும் கறுக்கும். இயல்பான கறுப்பு அடுக்கடுக்காக, நீலம், பழுப்பு, சாம்பல் என்று மாறி மாறி, எழுத்தின் நிழலில் அடர்ந்தும் தளத்தில் மெலிந்தும் இருக்கும். செயற்கையானது கரி பூசியதுபோல் ஒரே சீராக இருக்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை மெதுவாக ஒற்றினால் சாயமும் மெழுகும் பஞ்சில் வந்துவிடும், வெள்ளிக்கு எதுவும் ஆகாது. அதற்கு மேல் எந்தத் துலக்கலும் வேண்டாம். பல்பொடியும் புளியும் குத்துவிளக்குக்கு நல்லவை, நாணயத்துக்கு அல்ல.

சோவியத் வெள்ளிக்கும் இவையெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். 1921 முதல் அடிக்கப்பட்ட ரூபிள் 20 கிராம், அரை ரூபிள் 10 கிராம், இரண்டும் 900 பங்கு. 1924-இன் ரூபிளின் ஓரம் 18 கிராம் தூய வெள்ளி என்று கிராமிலும் பழைய அளவிலும் சொல்கிறது. ஜாரின் ரூபிளும் சொன்னது அதையே. கொல்லர் உருவம் பொறித்த 1924-இன் அரை ரூபிள்களில் ஒரு பகுதி இங்கிலாந்தில் அடிக்கப்பட்டதால் ஓர எழுத்துகள் இரு வகை. 1927-இன் அரை ரூபிள் குறைவு என்பதால் அதன் கடைசி எண்ணைக் கவனியுங்கள். 1931-இல் சில்லறைகள் செம்பு-நிக்கலுக்கு மாறின.

மூடிய பிளாஸ்டிக் பேழையில் தரச்சான்றோடு வந்தால் நம்பலாமா?

பேழைகளும் போலியாக வருகின்றன. என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்களின் சான்று எண்ணை அவற்றின் தளத்தில் இட்டு, அங்கே காட்டப்படும் படத்தில் உள்ள கீறல்களும் கறைகளும் உங்கள் கையிலுள்ள நாணயத்திலும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் பொருந்துவது மட்டும் போதாது, ஏனெனில் உண்மையான எண்ணையே நகலெடுக்கிறார்கள்.

படத்தை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்க வேண்டியிருக்கிறது. என்ன கேட்க வேண்டும்?

தராசின் மேல் நாணயம் இருக்கும் படம், சாய்வான ஒளியில் இருபுறம், ஓரம் முழுவதையும் காட்டும் நான்கைந்து படங்கள். ஓரப் படம் கேட்டதும் பதில் வராமல் போனால், அதையே பதிலாகக் கொள்ளுங்கள். விலை 18 கிராம் வெள்ளியின் அன்றைய விலைக்குக் கீழே இருந்தால், அசலை வைத்திருப்பவர் அதை உருக்கியே கூடுதல் பணம் பெற முடியும் என்பதை யோசியுங்கள். அரிய ஆண்டாக இருந்தால், திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் உறுதி பெற்று, வந்த அன்றே எடை, அடர்த்தி, ஓரம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அந்தக் கெடு பெரும்பாலும் சில நாள்களே.